‘ஆக்சஸ் டினைட்’: அப்பாவின் பழைய டிஸ்க்கைத் திறந்த வேலை

‘பத்திரம்’ ஃபோல்டரில் இருந்த கடைசி பிடிஎஃப்பும் திறந்துவிட்டது. எந்தக் கட்டளையை எதற்காக அடித்தேன் என்பது இன்னும் நினைவில் இருக்கிறது, அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற செய்தி வந்தால் பலரும் அது ஒரே கோளாறு, அதற்கு ஒரே மருந்து என்று நினைத்துத் தேடுகிறார்கள். இந்த ஒரு டிஸ்க்கிலேயே அந்தச் செய்தி வெவ்வேறு காரணங்களுக்காக வந்தது. ஒன்றுக்குப் பலித்த மருந்து மற்றதற்குப் பலிக்கவில்லை.

வீடு மதுரை வில்லாபுரத்தில். அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். 2012ல் வாங்கிய டெஸ்க்டாப்பில்தான் எல்லாம் இருந்தது: எக்செல் கணக்குகள், முடிச்சு மாதிரிகளின் போட்டோக்கள், வீட்டு விசேஷப் படங்கள், பத்திர ஸ்கேன்கள். விண்டோஸ் 7 புரொஃபஷனல், 500 ஜிபி சாடா டிஸ்க். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெட்டி எழவே இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் மதர்போர்டில் பிராசஸருக்குப் பக்கத்தில் மூன்று கெபாசிட்டர்களின் தலை ஊதியிருந்தது. பழுது பார்ப்பவர் 2,500 ரூபாய் கேட்டார், ஓடும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். அந்தப் பணத்தைப் போர்டில் போடாமல் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டேன்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு சாடா–யூஎஸ்பி அடாப்டர் வாங்கினேன், 1,150 ரூபாய். வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். 400, 500 ரூபாய்க்குக் கிடைப்பவை லேப்டாப்பின் சின்ன டிஸ்க்குக்கு மட்டும் ஆகும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க் சுழல 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட். தனியாக 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரோடு வருவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நகலை வைக்க 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க், 4,900 ரூபாய். தங்கையின் விண்டோஸ் 11 லேப்டாப்பைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ காட்டியது. 05 என்ற வரிசையில், அதாவது கெட்டுப்போனதால் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்களில் (டிஸ்க்கின் சிறு பகுதிகளில்), கொஞ்சம் எண்ணிக்கை ஏறியிருந்தது. சி5 என்ற வரிசை பூஜ்யம். சி5ல் எண் இருந்தால் டிஸ்க் படிக்கத் திணறுகிறது என்று பொருள், அப்போது பர்மிஷன் வேலை எதையும் தொடாமல் முதலில் முழு டிஸ்க்கையும் பிம்பமாக, அப்படியே ஒரே நகலாக, எடுத்துவிட வேண்டும். இதில் பூஜ்யம் என்பதால் தொடர்ந்தேன். வெப்பநிலை 52 டிகிரி காட்டியது. டிஸ்க்கை மேசையில் பக்கவாட்டில் நிறுத்தி எதிரே டேபிள் ஃபேனை வைத்ததும் 43க்கு இறங்கி அங்கேயே நின்றது. மே மாத மதுரையில் மணிக்கணக்காக ஓடப்போகும் பழைய டிஸ்க்குக்கு இந்த ஃபேன் அவசியம்.

லேப்டாப்பில் அது இ: டிரைவாக வந்தது. யூசர்ஸ் ஃபோல்டர் திறந்தது. அதற்குள் அப்பா பெயரில் இருந்ததை அழுத்தியதும், இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, நிரந்தரமாகப் பெற ‘கன்டின்யூ’ அழுத்துங்கள் என்றது. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “நம்ம டிஸ்க்கு, நம்ம பாஸ்வேர்டு. நம்மளையே உள்ள விடாதுன்னா என்னப்பா அர்த்தம்?” என்றார்.

கன்டின்யூ அழுத்தினால் விண்டோஸ் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் அனுமதிப் பட்டியலிலும் இந்த லேப்டாப் பயனரின் பெயரைச் சேர்த்துக்கொண்டே போகிறது. முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது, கடைசியில் பாதி வழியில் வேறொரு ‘ஆக்சஸ் டினைட்’ பெட்டியோடு நின்றது. அப்பாவின் ஃபோல்டருக்குள் போக முடிந்தது. சில துணை ஃபோல்டர்கள் திறந்தன, சில திறக்கவில்லை. எது மாறியது, எது மாறவில்லை என்பதற்கு எந்தப் பட்டியலும் கிடைக்காது. இந்தப் பட்டனில் எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான்.

நிறுத்திவிட்டு, திறக்காத ஃபோல்டர் ஒன்றின் ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, அப்புறம் அட்வான்ஸ்டு என்று போய்ப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் பெயர் இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும். விண்டோஸ் தன் கோப்பு அமைப்பில் உரிமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை, அந்த எண்ணைத்தான் எழுதுகிறது. எண்ணின் நடுப்பகுதி அந்தப் பெட்டியில் விண்டோஸ் நிறுவப்பட்டபோது உருவானது. கடைசிப் பகுதி அந்தப் பெட்டிக்குள் பயனரின் வரிசை எண். இந்த லேப்டாப்பில் அப்பாவின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துப் புதுக் கணக்கு தொடங்கினாலும் நடுப்பகுதி வேறாகத்தான் இருக்கும். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

ஒரு சின்ன ஃபோல்டரில் மட்டும் சோதித்தேன். ‘கணக்கு’ என்று ஒன்று இருந்தது, 40 எம்பிகூட இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, முதலில் அனுமதிகளைக் காட்டி மாற்றும் ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையை /சேவ் என்பதோடு ஓட்டி, இப்போதுள்ள அனுமதிகளை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமித்தேன். ஏதாவது கெட்டுப்போனால் /ரிஸ்டோர் கொடுத்து அந்த அனுமதிகளைத் திரும்ப வைக்கலாம். அப்புறம் டேக்ஓன் கட்டளை, /எஃப் என்பதோடு ஃபோல்டரின் பாதை, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து /ஆர், கேள்வி கேட்காமல் ஓட /டி ஒய் (/D Y). ‘சக்சஸ்’ என்று வரிசையாக வந்தது. ஃபோல்டரை அழுத்தினால் மறுபடியும் அனுமதி இல்லை!

இந்த இடத்தில்தான் பலர் சலித்துப்போய் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். டேக்ஓன் செய்வது உரிமையாளரை மாற்றுவது மட்டும். பட்டா நம் பெயருக்கு வந்துவிட்டது, வீட்டுச் சாவி இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். உரிமையாளருக்கு அனுமதிப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் உண்டு, படிக்கும் அனுமதியை அவரே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மறுபடி ஐகேக்ல்ஸ், /கிராண்ட் என்று போட்டு, பயனர் பெயர், முக்காற்புள்ளி, அடைப்புக்குறிகளுக்குள் ஓஐ, சிஐ, கடைசியில் முழு உரிமைக்கு எஃப். உள்ளே உள்ளவை எல்லாவற்றுக்கும் /டி (/T), பிழை வந்தாலும் தொடர /சி. ஓஐ, சிஐ இரண்டும் இல்லாவிட்டால் நாளைக்கு உள்ளே புதிதாக வைக்கும் கோப்புகளுக்கு அந்த அனுமதி இறங்காது. இதற்குப் பிறகு ‘கணக்கு’ திறந்தது.

டிஸ்க் முழுவதற்கும் இதையே செய்திருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது கோப்புகளின் நகல். அதற்காகப் பழைய டிஸ்க்கில் லட்சக்கணக்கான கோப்புகளின் உரிமையை மாற்றி எழுதுவானேன்? மூலத்தில் கை வைக்காமல் படிக்க வழி இருக்கிறது. விண்டோஸுடனே வரும் ரோபோகாப்பி கட்டளைக்கு /பி என்று ஒரு தேர்வு உண்டு. பேக்கப் முறையில் ஓடச் சொல்வது அது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த ஜன்னலில் ஓட்டினால் அனுமதிப் பட்டியலைத் தாண்டிக் கோப்பைப் படித்துவிடும், மூலக் கோப்பின் உரிமையில் எதையும் மாற்றாது. இதை முதலிலேயே எடுத்திருந்தால் கன்டின்யூ பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்திருக்காது.

நான் சேர்த்த மற்ற தேர்வுகளையும் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காலி ஃபோல்டர் உட்பட எல்லாம் வர /இ. /ஆர்:1 /டபிள்யூ:1 கட்டாயம். இது இல்லையென்றால் ரோபோகாப்பி திறக்காத ஒரு கோப்பை 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும், அதுதான் அதன் இயல்பான அமைப்பு. ஒரே கோப்பில் வாழ்நாள் போய்விடும். அப்புறம் /எக்ஸ்ஜே. விண்டோஸ் 7ல் பயனர் ஃபோல்டருக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’, ‘மை பிக்சர்ஸ்’ போன்ற பெயர்களில் சில போலி ஃபோல்டர்கள் உண்டு. அவை வேறிடத்துக்குக் கைகாட்டும் இணைப்புகள், எக்ஸ்பி காலத்து மென்பொருள்களுக்காக வைத்தவை. அவற்றைத் திறந்து பட்டியலிட எவருக்கும் அனுமதி கிடையாது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கன்டின்யூ பாதியில் நின்றதும் இப்படி ஒன்றின் வாசலில்தான். அவற்றின் அனுமதியைத் ‘திருத்தி’ உள்ளே போனால் ஒரு ஃபோல்டர் தன்னையே காட்டி, நகல் முடிவில்லாமல் ஆழமாகிக்கொண்டே போகும். /எக்ஸ்ஜே அவற்றை ஒதுக்கிவிடும். எதை இழக்கிறோம் என்று பயப்பட வேண்டாம், உண்மையான கோப்புகள் அவற்றுக்குரிய இடத்தில் தனியாக இருக்கின்றன.

பதிவேட்டுக்கு /லாக் போடாமல் /யூனிலாக் போட வேண்டும். அப்பாவின் ஃபோல்டர் பெயர்களில் பாதி தமிழ். சாதாரண /லாக் எழுதிய கோப்பில் அவையெல்லாம் கேள்விக்குறிகளாக நின்றன, எந்தக் கோப்பு தவறியது என்றே தெரியவில்லை. /யூனிலாக் கொடுத்ததும் ‘கட்டு மாதிரி’, ‘கல்யாணம்’, ‘பத்திரம்’ எல்லாம் படிக்கிறபடி வந்தன. /காப்பிஆல் மட்டும் போடக் கூடாது. அது பழைய அனுமதிப் பட்டியலையும் சேர்த்து நகலெடுத்து, அதே எஸ்-1-5-21 சிக்கலைப் புது டிஸ்க்கிலும் கொண்டுபோய் வைத்துவிடும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கோப்பின் உள்ளடக்கம், தேதி, குணங்கள் மட்டும் போகும். அனுமதி, போய்ச் சேரும் ஃபோல்டரைப் பார்த்துப் புதிதாக அமையும்.

சுமார் 180 ஜிபி. பெரிய வீடியோக்கள் ஓடும்போது விநாடிக்கு 90 எம்பி வரை போனது, போட்டோக்களின் சின்னச் சின்னப் பிரதிகள் நிறைந்த ஃபோல்டர்களில் ஆமை வேகம். இரவில் விட்டுவிட்டுக் காலையில் பார்த்தேன். கடைசி வரிகளில் ‘ஃபெயில்டு’ என்ற பத்தியில் 61 என்றிருந்தது. பதிவேட்டில் ‘எரர் 5’ என்று தேடினேன். 61ம் ‘பத்திரம்’ ஃபோல்டருக்குள். எரர் 5 என்றாலும் ஆக்சஸ் டினைட்தான். பேக்கப் முறையே தாண்ட முடியாத ஆக்சஸ் டினைட் என்றால் இது வேறு வகை என்று புரிந்தது. எக்ஸ்ப்ளோரரில் அந்தக் கோப்புகளின் ஐகான் மூலையில் சின்னப் பூட்டுப் படம். சைஃபர் /சி என்று கட்டளை கொடுத்துக் கோப்பின் பெயரையும் போட்டால், யார் மட்டும் திறக்கலாம் என்பதைக் காட்டியது: பழைய பெட்டியின் அப்பா கணக்கு. கோப்பே மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கிறது. உரிமையாளரை மாற்றினாலும், லினக்ஸில் போட்டாலும் திறக்காது. திறவுகோல் அப்பாவின் பழைய விண்டோஸ் கணக்குக்குள் இருக்கிறது. அப்பாவைக் கேட்டேன். பெட்டி வாங்கிய புதிதில் மாட்டிக் கொடுத்த பையன், பத்திரங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஏதோ ஒரு டிக் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். அதைத் தனியாக ஒதுக்கிவைத்து மற்றதை முதலில் முடித்தேன்.

பழைய பெட்டிக்குப் பதிலாக ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினோம். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 10,500 ரூபாய். விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 போட்டேன். அப்பாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு, பராமரிப்புக்கு எனக்கு ஒன்று. இங்கே பர்மிஷனின் இரண்டாம் பாகம் தொடங்கியது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, ஃபோல்டர்களைக் கொஞ்சம் பெயர் மாற்றி ஒழுங்குபடுத்தலாம் என்று பார்த்தால், மாற்ற முடியவில்லை. நிர்வாக அதிகாரத்தோடு ஓடச் சொல்லும் சூடோ போட்டாலும் மறுப்பு. ஆனால் செய்தியைக் கவனித்துப் படித்தால், ‘பர்மிஷன் டினைட்’ இல்லை, ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தால் வழி தவறிவிடும். முன்னது இந்தக் கோப்பு உனக்கில்லை என்கிறது, பின்னது இந்த டிஸ்க்கில் இப்போது யாருமே எழுத முடியாது என்கிறது. காரணம் லேப்டாப்பில் இருந்தது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணைக்காமல் பாதி நிலையைச் சேமித்து வைக்கும். அப்போது செருகியிருந்த டிஸ்க்கும் ‘இன்னும் உபயோகத்தில்’ என்ற குறியோடு நிற்கும். அதைப் பார்த்து லினக்ஸ் எழுத மறுக்கிறது, மறுப்பதும் நல்லதுக்குத்தான். லேப்டாப்பில் அட்மின் ஜன்னலில் பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் என்று கொடுத்து அந்த வசதியை நிறுத்தி, டிஸ்க்கை மறுபடி செருகி, முறையாக இஜெக்ட் செய்து எடுத்து வந்தேன். சரியானது.

எஸ்எஸ்டியில் /எஸ்ஆர்வி என்ற இடத்துக்குக் கீழே ‘வீடு’ என்று தமிழிலேயே ஃபோல்டர் வைத்தேன். வீடியோக்களை எக்ஸ்டர்னலிலேயே விட்டுவிட்டு மற்றதை சூடோ சிபி -ஆர் கொடுத்து உள்ளே கொட்டினேன். அப்பா ஒரு எக்செல் கணக்கைத் திறந்தார். திறந்தது. ஒரு தொகையைத் திருத்தி சேவ் கொடுத்தார், ‘ரீட்-ஒன்லி’ என்றது. உரிமையையும் அனுமதியையும் காட்டும் எல்எஸ் -எல் கொடுத்துப் பார்த்தேன். உரிமையாளர் ரூட் (லினக்ஸின் தலைமை நிர்வாகக் கணக்கு), குழு ரூட். சூடோ போட்டு நகலெடுத்தால் புதுக் கோப்புகள் ரூட்டின் பெயரில்தான் பிறக்கும். அது மட்டுமில்லை, எல்லாக் கோப்புப் பெயரும் டெர்மினலில் பச்சையாக இருந்தன, அதாவது கல்யாண போட்டோவைக்கூட ஓட்டக்கூடிய நிரல் என்று சிஸ்டம் நினைக்கிறது. விண்டோஸ் டிஸ்க்கை உபுண்டு ஏற்றும்போது எல்லாக் கோப்பும் 777, அதாவது எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்றே தோற்றமளிக்கும், அந்த ‘எக்ஸ்’ என்ற ஓட்டும் அனுமதி நகலிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இவற்றைவிடப் பெரிய இழப்பு, போட்டோக்களின் தேதியெல்லாம் நகலெடுத்த நாளாக மாறியிருந்தது. மூலம் எக்ஸ்டர்னலில் அப்படியே இருந்ததால் அழித்துவிட்டு, ஆர்சிங்க் -ஆர்டி என்று தேதி மாறாமல் மறுபடி எடுத்தேன்.

பக்கத்து வீட்டுக் கல்லூரித் தம்பி ஒருவர் “சிஎச்மோட் 777 போட்டுருங்கண்ணே, எல்லாம் திறந்துரும்” என்றார். சிஎச்மோட் என்பது அனுமதியை மாற்றும் கட்டளை, அப்படிப் போட்டால் திறந்துவிடும்தான். ஆனால் உரிமையாளர் ரூட்டாகவே நிற்பார், நாளை உருவாகும் கோப்புக்கு அதே சிக்கல் திரும்பி வரும், எந்த நிரல் வேண்டுமானாலும் எந்தக் கணக்கிலிருந்தும் கணக்குப் புத்தகத்தை மாற்றி எழுதலாம். ஒரு பயனரின் சொந்த ஹோம் ஃபோல்டருக்கே அதைப் போட்டால், வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் போன்றவை, சாவிக் கோப்பு ஊருக்கே திறந்து கிடக்கிறது என்று சொல்லி வேலை செய்ய மறுத்துவிடும். நோய் உரிமையாளரில் இருக்கும்போது மருந்தை எண்ணில் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. இதை அந்தத் தம்பியிடம் எல்எஸ் -எல் வரியைக் காட்டியே விளக்கினேன், புரிந்துகொண்டார்.

செய்தது இது. க்ரூப்ஆட் கொடுத்து வீட்டுக்கென்று ஒரு குழு. மூவரையும் யூசர்மாட் -ஏஜி கொடுத்து அதில் சேர்த்தேன். இந்த ‘ஏ’ மிக முக்கியம். அதை விட்டுவிட்டு -ஜி மட்டும் போட்டால் பயனர் ஏற்கனவே இருந்த மற்ற குழுக்களிலிருந்து நீக்கப்பட்டுவிடுவார். சூடோ குழுவும் போய்விட்டால் நிர்வாக அதிகாரமே போச்சு. அடுத்து சௌன் -ஆர் கொடுத்து உரிமையாளர் அப்பா, குழு வீடு. பிறகு ஃபைண்ட் கட்டளையால் ஃபோல்டர்களுக்கு மட்டும் 2775, கோப்புகளுக்கு மட்டும் 664, அதாவது உரிமையாளரும் குழுவும் எழுதலாம், மற்றவர் பார்க்க மட்டும். ஒரே சிஎச்மோடில் பெரிய எழுத்து எக்ஸ் போட்டால் போதும் என்று படித்திருந்தேன். ஏற்கனவே ‘எக்ஸ்’ ஒட்டியிருக்கும் கோப்பில் அது அப்படியே தங்கிவிடும், அதனால் ஃபோல்டரையும் கோப்பையும் பிரித்துச் செய்வதுதான் சுத்தம். 2775ன் முன்னால் உள்ள 2, உள்ளே புதிதாக உருவாகும் எதுவும் வீடு குழுவிலேயே பிறக்க வைக்கிறது. குழுவினர் எல்லோரும் எழுதலாம் என்பது புதுக் கோப்புகளுக்கும் இறங்க, செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் -டி கொடுத்து இயல்பு அனுமதியும் வைத்தேன்.

எல்லாம் முடிந்தும் அம்மாவால் சேவ் செய்ய முடியவில்லை. அம்மாவின் கணக்கில் ஐடி என்று கட்டளை கொடுத்தால் குழுப் பட்டியலில் வீடு இல்லை. குழு உறுப்பினர் மாற்றம் அடுத்த லாகின் முதல்தான் வரும். லாக்அவுட் செய்து வந்தும் வராமல், ரீஸ்டார்ட் செய்த பிறகே வந்தது. கோப்பைத் திருத்தத் தொடங்கும் முன் ஐடியைப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

பகிர்வு ஃபோல்டரை ஏன் அப்பாவின் ஹோமுக்குள்ளேயே வைக்கவில்லை என்று தங்கை கேட்டாள். உபுண்டுவில் 21.04 முதல் ஒவ்வொருவரின் ஹோம் ஃபோல்டரும் 750 என்றே உருவாகிறது, மற்றவர் உள்ளே நுழையவே முடியாது. கடைசிக் கோப்பு 777 ஆக இருந்தாலும் வழியில் ஒரு ஃபோல்டரில் நுழைய அனுமதி இல்லையென்றால் மறுப்புதான். இந்த மாதிரி இடத்தில் நேம்ஐ -எல் என்ற கட்டளை அருமையானது. பாதையில் உள்ள ஒவ்வொரு படிக்கும் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும், தடை எந்தப் படியில் என்று கண்ணிலேயே தெரியும்.

இன்னும் ஒன்று. /எஸ்ஆர்வியில் உள்ள பிடிஎஃப்பை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் மறுப்பு வந்தது, அதே கோப்பு டாக்குமெண்ட் வியூவரில் திறந்தது. அனுமதி எண்கள் எல்லாம் சரி. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ், ஸ்னாப் என்ற தனி வேலிக்குள் ஓடும் வடிவில் வருகிறது. ஹோமுக்கு வெளியே எட்டிப் பார்க்க அதற்கு அனுமதி இல்லை, ஆப்ஆர்மர் என்ற காவல் தடுத்துவிடும். சிஎச்மோடுக்கு இங்கே வேலையே இல்லை. பிடிஎஃப்புக்கு டாக்குமெண்ட் வியூவரை இயல்பாக வைத்து முடித்தேன்.

அப்பாவின் பழைய கணக்குகள் சிலவற்றில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தன. கோப்பு கெட்டுவிட்டது என்று அப்பா பயந்துவிட்டார். அவை யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்தவை. பழைய டிஸ்க்கின் விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து நிறுவியதும் சரியாகத் தெரிந்தன. யூசர்ஸை மட்டும் நகலெடுப்பவர்கள் இந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது.

மிச்சம் அந்த 61. திறவுகோல் பழைய விண்டோஸ் கணக்குக்குள் என்றால் அந்த விண்டோஸையே எழுப்ப வேண்டும். புது டெஸ்க்டாப்பின் எஸ்எஸ்டி கேபிளைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கை மாட்டினேன். பெட்டி எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில், யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை விட்டு லெகசி என்ற பழைய முறைக்கு மாற்றினேன். விண்டோஸ் சின்னம் தெரிந்தது, உடனே நீலத் திரை, 0எக்ஸ்0000007பி. டிஸ்க்கோடு பேசும் முறை பழைய பெட்டியில் ஐடிஇ, இதில் ஏஎச்சிஐ. பயாஸில் சாடா மோடை ஐடிஇக்கு மாற்றியதும் உள்ளே போனது. அங்கே கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. நீல நிற போர்ட்டிலிருந்து பிடுங்கிக் கறுப்பு போர்ட்டில் செருகியதும் சரியானது. நெட் கேபிளைச் செருகவில்லை. 2020 ஜனவரியிலிருந்து பாதுகாப்புத் திருத்தம் வராத சிஸ்டத்தை இணையத்தில் விட வேண்டாம்.

பாஸ்வேர்டு அப்பாவுக்கு நினைவிருந்தது. இல்லையென்றால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். பென் டிரைவில் பூட் செய்து விண்டோஸ் பாஸ்வேர்டை அழித்துக் கொடுக்கும் கருவிகள் உண்டு. அவற்றால் கணக்குக்குள் போகலாம், ஆனால் மறையாக்கத் திறவுகோல் பழைய பாஸ்வேர்டோடு பிணைந்தது, வலுக்கட்டாயமாக மாற்றினால் அந்தக் கோப்புகள் எட்டாமலே போய்விடும். பூட்டுப் படம் போட்ட கோப்புகள் இருக்கும் டிஸ்க்கில் அந்தக் கருவியைத் தொடவே கூடாது.

உள்ளே போனதும் முதலில் சான்றிதழ்களைக் காட்டும் செர்ட்எம்ஜிஆர் திறந்து, பர்சனல், சர்ட்டிஃபிகேட்ஸில் அப்பா பெயரில் இருந்ததைத் தனித் திறவுகோலோடு சேர்த்து பிஎஃப்எக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் சைஃபர் /டி. ஒவ்வொரு கோப்பாக மறையாக்கம் நீங்கியது. 61ம் திறந்தன. பென் டிரைவுக்கு நகலெடுத்து, எஸ்எஸ்டியை மாட்டி, பயாஸை ஏஎச்சிஐக்கும் யூஇஎஃப்ஐக்கும் திருப்பி, ‘வீடு’ ஃபோல்டரில் சேர்த்தேன். ‘பத்திரம்’ மட்டும் 2770. மூவரைத் தவிர வேறு கணக்கு வந்தாலும் பார்க்க முடியாது.

செலவு: அடாப்டர் 1,150, எக்ஸ்டர்னல் 4,900, டெஸ்க்டாப் 10,500, 32 ஜிபி பென் டிரைவ் 380. மொத்தம் 16,930 ரூபாய். கோப்பு மீட்புக்கு மட்டும் என்றால் டெஸ்க்டாப்பைக் கழித்துவிட்டு 6,430.

அடுத்த முறை இப்படி ஒரு டிஸ்க் கைக்கு வந்தால் கன்டின்யூ பக்கமே போக மாட்டேன். உடல்நிலை பார்த்ததும் நேராக ரோபோகாப்பி, /பி, /எக்ஸ்ஜே, /யூனிலாக். நகல் கைக்கு வந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டுமே டேக்ஓன். லினக்ஸ் பக்கம் குழுவையும் ஃபோல்டர் அனுமதியையும் முதலில் அமைத்து, அப்புறம் கோப்புகளைக் கொட்டுவேன்.

தீராத ஒன்று இருக்கிறது. அம்மா தன் டவுன்லோட்ஸிலிருந்து ஒரு படத்தை ‘வீடு’க்கு நகர்த்தினால் அது அம்மாவின் குழுவோடேயே வந்து சேர்கிறது, அப்பாவால் திருத்த முடிவதில்லை. நகலெடுத்தால் சரியாக வருகிறது, நகர்த்தினால் பழைய உரிமை கூடவே வருகிறது. விண்டோஸிலும் ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் இதே கதைதான். இப்போதைக்கு, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் க்ரானில், ரூட்டின் பெயரில் ஒரு வரி போட்டிருக்கிறேன். மதியம் ஒரு மணிக்கு, பெட்டி பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம், ‘வீடு’ முழுவதற்கும் குழுவைச் சரிசெய்து, குழுவுக்கு எழுதும் அனுமதியைக் கொடுத்துவிடும். ‘பத்திரம்’ கோப்புகளுக்கு வந்த நிலை தங்கைக்கும் வரக் கூடாது என்று, அவள் லேப்டாப்பில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்தோம், ஓடியது. அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்த 48 இலக்க ரிக்கவரி கீயைத் தாளில் அச்செடுத்து, அப்பாவின் பிஎஃப்எக்ஸ் இருக்கும் பென் டிரைவோடு ஒரே உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம்.